கரண்ட் போகாத ஊரில் ஒரு ஜெனரேட்டர்

அந்த ஊரில் கரண்ட் போவதே இல்லை. நான் சொல்லவில்லை; மின்சார அலுவலகத்து வாசலில் ஆள் உயரப் பலகை வைத்து எழுதியிருந்தார்கள். மேலே "மின்தடை இல்லாத நாள்கள்" என்று பெயிண்டில், கீழே சாக்பீஸால் ஓர் எண். தினமும் காலை பத்து மணிக்கு ஓர் ஊழியர் வந்து, ஈரத்துணியால் பழைய எண்ணைத் துடைத்து, ஒன்று கூட்டி எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார். கண்டக்டர் முதன்முதலாக அந்தப் பலகையைப் பார்த்த அன்று அது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. அன்று காலையில் மட்டும் அவர் வீட்டில் மூன்று தடவை கரண்ட் போயிருந்தது.

கண்டக்டர் என்றால் ஓய்வுபெற்ற கண்டக்டர். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். தோளிலிருந்து பை இறங்கி நான்கு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. அவருக்கு விதி என்றால் விதிதான். டிக்கெட் எடுக்கவில்லை என்று சொந்த மச்சானையே பாதி வழியில் இறக்கிவிட்டவர். மச்சான் அதற்கப்புறம் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை; கண்டக்டர் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் அந்த அலுவலகத்துக்கு வந்தது, வரிசையில் நின்று, முறைப்படி விண்ணப்பம் கொடுத்து, வீட்டில் ஒரு சின்ன ஜெனரேட்டர் வைக்க அனுமதி வாங்கத்தான்.

ஜெனரேட்டர் அவருடைய மனைவிக்காக. அந்த அம்மாளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், கண்டக்டர் உட்பட. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். இப்போது நுரையீரல் சொன்னபடி கேட்பதில்லை. கூடத்தின் மூலையில் ஓர் ஆக்ஸிஜன் மெஷின் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனை டீச்சரின் மூக்கில். கரண்ட் போனால் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு பேட்டரிக்கு மாறும். பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். கரண்ட் போனால் சில சமயம் மூன்று மணி நேரம் வராது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

போன மாதம் ஒரு மத்தியானம் பேட்டரியும் தீர்ந்து, அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் தீர்ந்துபோனது. டீச்சர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகிவிட்டது. கண்டக்டர் விசிறியால் விசிறினார், ஜன்னலைத் திறந்தார், மறுபடியும் விசிறினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எப்படியோ கரண்ட் வந்தது. மறுநாள் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இன்னொரு தடவை இவ்வளவு நேரம் தாங்க மாட்டாங்க. ஜெனரேட்டர் ஒண்ணு வெச்சிடுங்க. யோசிக்காதீங்க" என்றார்.

கண்டக்டர் யோசிக்கவில்லை. தெருமுனையில் இருக்கும் ஒயர்மேனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் காட்டியது லாரியில் பாதி அளவுக்கு ஒரு சாமான்.

"இதை எடுத்துக்கங்க சார். மாடி, மோட்டார், ஏசி எல்லாம் ஓடும். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்."

"எங்க வீட்ல மாடியும் இல்ல, ஏசியும் இல்ல" என்றார் கண்டக்டர்.

"நாளைக்கு வைக்க மாட்டீங்களா?"

ஒயர்மேன் குறுக்கே வந்தார். "அண்ணே, நீங்க பேசாம இருங்க. மெஷினுக்கு நானூறு வாட். ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் கிளம்பறப்ப மட்டும் சேர்த்து இழுக்கும், அதுக்குக் கொஞ்சம் இடம் விடணும். ரெண்டரை கிலோவாட் தாராளம்."

கடைக்காரரின் முகம் வாடிப்போயிற்று. "ரெண்டரைங்கறது விளையாட்டுச் சாமான் சார்."

"மூச்சு விடத்தான் கேக்கறோம், மில்லு ஓட்ட இல்ல" என்றார் ஒயர்மேன்.

அட்டைப்பெட்டியை வண்டியில் ஏற்றியபிறகு ஒயர்மேன் இன்னொரு பொருளையும் வாங்கச் சொன்னார். இரும்புப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் அலுவலகத்து கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர் கரண்ட். இரண்டும் ஒருநாளும் ஒன்றாகச் சேராது. "இது இல்லாம ஓட்டினா நம்ம கரண்ட் திரும்பி கம்பத்துக்கு ஏறிடும் அண்ணே. அங்க லைன்மேன் வேலை செஞ்சுட்டிருந்தா ஆள் காலி. இந்தப் பெட்டிக்கு மட்டும் ஆபீஸ்காரங்க சீல் வைக்கணும். சீல் இல்லாம ஓட்டினா வீட்டு லைனையே கட் பண்ணிடுவாங்க. ஒரு விண்ணப்பம் கொடுத்தாப் போதும், அரைநாள் வேலை."

அரைநாள் என்று சொன்ன ஒயர்மேன் நல்ல மனிதர். உலகம் தெரியாதவர், அவ்வளவுதான்.

விண்ணப்பத்துக்குப் பெயர் படிவம் ஏழு. வீட்டு இணைப்பு டீச்சர் பெயரில் இருந்ததால் டீச்சர் பெயரிலேயே கண்டக்டர் அதை முத்து முத்தாக நிரப்பினார். பதினோராவது கட்டத்தில் "காரணம்" என்று இருந்தது. "அடிக்கடி கரண்ட் போகிறது" என்று எழுதினார். கிளார்க் அம்மா படித்துக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நின்றார்.

"இப்படி எழுதக்கூடாதுங்களே. நம்ம பகுதியில கரண்ட் போறதில்லை. வாசல்ல போர்டு பாக்கலையா?"

"அம்மா, இப்பவே போயிருக்கு. உங்க தலைக்கு மேல ஃபேன் நின்னிருக்கு பாருங்க."

கிளார்க் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, நின்னிருக்கு."

"அப்ப அதை எழுதிக்கங்க."

"புகாரெல்லாம் கம்ப்யூட்டர்லதான் ஏத்தணும். கரண்ட் இல்லாம கம்ப்யூட்டர் எப்படி ஓடும்?"

"கரண்ட் வந்தப்புறம் ஏத்துங்க."

"வந்தப்புறம் புகார் எதுக்கு? அது முதல்ல கேக்கறதே, 'தற்போது மின்சாரம் உள்ளதா?'ன்னுதான். ஆமான்னு அழுத்தினா 'நன்றி'ன்னு போட்டு மூடிக்கும்."

கண்டக்டருக்குத் தலை கிறுகிறுத்தது. கட்டடத்தின் பின்புறத்தில் ஏதோ தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. என்னவென்று கேட்டார். ஜெனரேட்டர் என்றார் கிளார்க் அம்மா. மேலதிகாரியின் அறைக்கு மட்டும்.

"அதுலேர்ந்து ஒரு ஒயரை இழுத்து இந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாமே."

"கொடுத்தா புகார் பதிவாயிடுமே" என்றார் கிளார்க் அம்மா. சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்களின் பட்டியலை எடுத்துக் காட்டினார். பொதுக்கூட்டம், கண்காட்சி, சினிமாப் படப்பிடிப்பு, நோய். கண்டக்டர் நோயைத் தொட்டுக் காட்டினார். நோய் என்றால் வீட்டுக்கு வந்து நேரில் சரிபார்ப்பார்கள் என்று கிளார்க் அம்மா சொல்லி, அடித்து எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்துப் பொறியாளர் ஒருவர் கோப்பும் பேனாவுமாக வந்து சேர்ந்தார்.

பொறியாளர் கூடத்தில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் டீச்சரைப் பார்த்தார்.

"இதுதான் நோயாளியா?"

"இதேதான்" என்றார் டீச்சர்.

"சரிங்க. மெஷினை ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க."

கண்டக்டர் தமக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்தார். "எதுக்கு சார்?"

"மெஷின் ஓடறப்ப நல்லாத்தான் இருக்காங்க. அதுல பாதிப்பு எதுவும் தெரியலையே. நிறுத்தினா எவ்வளவு பாதிப்புன்னு நான் எழுதணும். லேசு, நடுத்தரம், கடுமை, மூணு கட்டம் இருக்கு. கடுமைன்னா உடனே பரிந்துரை பண்ணிடலாம்."

டீச்சர் பொறியாளரை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து கதை சொல்கிற பையன்களை எத்தனையோ பார்த்த கண். "செய்யலாம் தம்பி. முதல்ல நீங்க மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு பத்து நிமிஷம் உட்காருங்க. உங்களுக்கு எந்தக் கட்டம்னு நான் எழுதறேன். அப்புறம் என்னுது."

பொறியாளர் விதிப்புத்தகத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நிஜமாகவே புரட்டினார். அவர் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. ஃபேன் மெதுவாகி நின்றது. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு பேட்டரிக்கு மாறியது. கண்டக்டருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் செக்கிங் நடக்கும்போதே டிக்கெட் இல்லாத ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டது இரண்டு மூன்று தடவைதான்.

"பாத்துட்டீங்களா சார்? போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"கரண்ட்."

"இது மின்தடை இல்லைங்க. மின் ஓய்வு. கம்பிகளுக்கும் கொஞ்சம் இளைப்பாற நேரம் வேணுமில்லையா?" என்று சொன்ன பொறியாளர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். ஒரு வாரம் கழித்து அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. அதில் மூன்றே வரி. நோயாளி பேசும் நிலையில் இருக்கிறார், தேவைக்கு அதிகமாகவே. ஆய்வின்போது கூடத்து மின்விசிறி சுழலவில்லை. வீட்டுக்காரர் அதை உடனடியாகப் பழுதுபார்க்க வேண்டும்.

அறிக்கையைப் படித்துவிட்டு டீச்சர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. கண்டக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதினெட்டு நாளிலும் ஒரு வாரத்திலும் ஜெனரேட்டர் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கரண்ட் போகிறபோதெல்லாம் இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, பேட்டரியின் சின்னப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தடவை கடைசி விளக்கு வரைக்கும் போய்விட்டது. கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மேலதிகாரியைப் பார்க்கப் போனார்.

மேலதிகாரியின் அறை சில்லென்று இருந்தது. பின்னால் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. அவர் மரியாதை தெரிந்தவர். கண்டக்டரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கோப்பைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. என் கஷ்டத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும். நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப ஒரு நாளைக்கு நாற்பது மின்தடைப் புகார். எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. வந்ததும் முதல் வேலையா நோட்டை எடுத்தேன். மறுநாளே புகார் பாதியாக் குறைஞ்சது. அப்புறம் போன் எடுக்கறதை நிறுத்தினோம். இன்னும் குறைஞ்சது. கடைசியில கம்ப்யூட்டர் வெச்சோம், அடியோட ஒழிஞ்சது. எங்கெங்கேர்ந்தோ வந்து பாத்துட்டுப் போறாங்க, எப்படி சார் சாதிச்சீங்கன்னு. இப்ப உங்களுக்கு அனுமதி கொடுத்தா என்ன அர்த்தம்? கரண்ட் போகாத ஊர்ல எதுக்கு ஜெனரேட்டர்னு ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

"சார், என் வீட்டம்மா மூச்சு விடணும்."

"தாராளமா விடட்டும். நாங்க தடுக்கலையே. அதுக்குக் காரணம் எங்க மேல வரக்கூடாது, அவ்வளவுதான்."

கண்டக்டர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இங்க ஒண்ணு ஓடுதே சார். அதுக்கு யார் அனுமதி கொடுத்தாங்க?"

"அது சோதனை ஓட்டம்."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா. நல்லா ஓடுதான்னு முழுசாத் தெரியாம அனுமதிக்கு விண்ணப்பிக்கக்கூடாது இல்லையா? நாங்க விதியை மீறறதே இல்லை." மேலதிகாரி குனிந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க வயசுக்காகச் சொல்றேன். பேசாம சினிமாப் படப்பிடிப்புன்னு போட்டுடுங்க. மூணு நாளைக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"மூணு நாள் கழிச்சு?"

"படம் முடிஞ்சிடுமே."

கண்டக்டர் எழுந்துவிட்டார். பஸ்ஸில் குடித்துவிட்டு வருகிறவன், சண்டைக்கு நிற்கிறவன், சில்லறை விஷயத்தில் சட்டையைப் பிடிக்கிறவன் என்று எல்லாரையும் சமாளித்தவர்தான். இவ்வளவு கண்ணியமாக இன்னொருவர் மனைவியின் மூச்சைக் கூட்டிக் கழிக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. "என் பொண்டாட்டி மூச்சுத் திணறறது படம் இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற கடிதம் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சுறுசுறுப்பு.

டீச்சர் கடிதத்தை மடித்து மெஷினுக்கு அடியில் செருகினார். மெஷின் கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒயர்மேனைக் கூப்பிடுங்க."

"சீல் இல்லாம ஓட்டினா விதிப்படி..."

"உங்க அண்ணன் தம்பி வந்திருந்தாலும் டிக்கெட் கேட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும். ஆனா டிக்கெட் கொடுக்க வேண்டிய ஆளே டிக்கெட் கட்டை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, உன்கிட்ட டிக்கெட் இல்ல, இறங்குன்னா? நீங்க இறங்குவீங்களா? நான் இறங்க மாட்டேன். கூப்பிடுங்க."

கண்டக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியை மீறப் போகிறோம் என்று நினைக்கையில் நடை தயங்கியது. பாதி தூரம் போனதும் தயக்கம் போய் ஒரு மாதிரி திமிர் வந்துவிட்டது. அது நன்றாகத்தான் இருந்தது.

ஒயர்மேன் உண்மையிலேயே அரைநாளில் முடித்துவிட்டார். ஜெனரேட்டரின் புகை டீச்சர் பக்கம் வரவே கூடாது என்று அளந்து அளந்து பார்த்து, கடைசியில் தெருவை ஒட்டிய மதில் மூலையில் இடம் பிடித்தார். தரையில் சிமென்ட் மேடை, மேலே தகரக் கூரை, புகைக்குழாய் தெருவைப் பார்க்க. மண்ணில் எர்த் கம்பி இறக்கினார். கைப்பிடிப் பெட்டியைக் கூடத்துச் சுவரில் பொருத்தினார். "இது ஓடறப்ப முன்பக்கத்து ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருக்கணும் அண்ணே. மறந்துடாதீங்க." அன்று மத்தியானமே கரண்ட் போயிற்று. கண்டக்டர் ஜன்னலைச் சாத்தி, கைப்பிடியைக் கீழே தள்ளி, ஓடிப்போய் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தெருவே அதிர்ந்தது. உள்ளே டீச்சர் காலை நீட்டிக்கொண்டு, பத்திரிகை படித்துக்கொண்டு, சாவகாசமாக மூச்சு விட்டார்.

தெருவே அதிர்ந்தால் அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்குமா? நான்காம் நாள் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு லைன்மேன் வந்தார். அனுமதியில்லாத ஜெனரேட்டருக்காக வீட்டு இணைப்பைத் துண்டிக்க உத்தரவு. வியர்த்து விறுவிறுத்து வந்தவரைக் கண்டக்டர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். லைன்மேன் சுவரில் இருந்த கைப்பிடிப் பெட்டியை எழுந்துபோய்த் திறந்து பார்த்தார்.

"ஒழுங்கா வெச்சிருக்கீங்க சார். நிறையப் பேர் இதை வைக்கறதில்ல. போன வருஷம் என்கூட வேலை செஞ்சவர் ஒருத்தர் அப்படித்தான் கம்பத்து மேலயே..." என்று நிறுத்திக்கொண்டார். "வேலையை முடிச்சுட்டுக் கிளம்பறேன். கோவிச்சுக்காதீங்க."

ஏணியைச் சாத்தி ஏறினார். கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். இறங்கி வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் கண்டக்டர்.

"துண்டிக்க முடியாது சார். லைன்ல கரண்ட் இல்ல."

விஷயம் இதுதான். துண்டிப்புத் தாளில் இரண்டு கட்டம் உண்டு. துண்டிக்கும் முன் கம்பியில் எவ்வளவு கரண்ட், துண்டித்தபின் எவ்வளவு. முதல் கட்டத்தில் இருநூற்றுச் சொச்சம் வோல்ட், இரண்டாவதில் பூஜ்யம் என்று இருந்தால்தான் துண்டித்ததற்கு அத்தாட்சி. இரண்டிலும் பூஜ்யம் எழுதினால், ஆள் வேலையே செய்யாமல் டீ குடித்துவிட்டு வந்துவிட்டான் என்று சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். லைன்மேன் கரண்ட் வரட்டும் என்று காத்திருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று மணி நேரமும் ஆயிற்று. ஜெனரேட்டரில் ஓடிய ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். ஐந்து மணிக்குள் தாளை ஒப்படைக்க வேண்டும்.

"வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதிக்கவா டீச்சர்?"

"நீங்க உள்ளதானே உட்கார்ந்திருக்கீங்க?"

"நாய் விரட்டிச்சுன்னு?"

"எங்க வீட்ல நாய் இல்ல."

"ஏணி கிடைக்கலைன்னு..."

"வாசல்ல சாத்தி வெச்சிருக்கீங்களே தம்பி, அது என்ன?" டீச்சர் பத்திரிகையை மடித்துவைத்தார். "நடந்ததை எழுதுங்க. உண்மையை எழுதினதுக்காக நான் ஒருத்தருக்கும் மார்க் குறைச்சதில்ல."

லைன்மேன் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். மறுபடியும் அந்தக் கைப்பிடிப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு நிறுத்தி நிதானமாக எழுதினார்: "நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை லைனில் கரண்ட் இல்லாததால் இணைப்பைத் துண்டிக்க இயலவில்லை." தேதி போட்டு, பையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை வைத்து அழுத்தினார். மூன்று பிரதியில் ஒன்று வீட்டுக்காரருக்கு. அந்த அலுவலகத்தின் முத்திரையோடு கரண்ட் இல்லை என்று வெளிவந்த முதல் காகிதம் அது என்று லைன்மேனுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

கண்டக்டர் உடனே அலுவலகத்துக்கு ஓடப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. "அங்க கொண்டுபோனா ஒரு இழுப்பறையில போட்டுப் பூட்டிடுவாங்க. கேட்ல ஒட்டுங்க." ஒட்டினார். சாயங்காலத்துக்குள் தெருவே வந்து படித்தது. இன்சுலின் மருந்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டுப்போகிறதே என்று தவித்தவர், பிறந்த குழந்தையை வியர்வையில் படுக்கவைத்திருந்தவர், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கிளார்க் அம்மாவின் மேசையில் பதினேழு படிவம் ஏழு வந்து விழுந்தது. ஒவ்வொன்றிலும் பதினோராவது கட்டத்தில் "இணைப்பைப் பார்க்கவும்", பின்னால் இணைத்திருந்த அந்தத் தாளின் போட்டோவில் அலுவலகத்தின் சொந்த முத்திரை. கிளார்க் அம்மா பதினேழுக்கும் ரசீது எழுதிக் கொடுத்தார். கரண்ட் இல்லாததால் கையால்தான் எழுதினார்.

அதற்கடுத்த நாள் மேலதிகாரியே கண்டக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அனுமதி உத்தரவு, கையெழுத்தோடு, சீலோடு.

"நானே கொண்டுவந்துட்டேன். டீச்சரம்மா ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாப் போதும். அந்தத் தாளை மட்டும் கேட்லேர்ந்து எடுத்து என்கிட்ட கொடுத்துடுங்க. அது ஒரு எழுத்துப்பிழை மாதிரி."

டீச்சர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தபடி உத்தரவை வாங்கிப் படித்தார். "காரணம்: பொழுதுபோக்கு" என்று இருந்தது. அப்படியே ஜன்னல் கம்பி வழியாகத் திருப்பி நீட்டினார்.

"இதை அடிச்சுட்டு, என்ன காரணமோ அதை உங்க கையால எழுதுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"அடுத்த பத்தியில சேர்த்துக்கலாம் அம்மா. என்ன எழுதணும்கறீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுங்க. சரியான்னு நான் சொல்றேன்."

மேலதிகாரி பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் கரண்ட் போயிற்று. உள்ளே மெஷின் கத்தியது. கண்டக்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. உள்ளே போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினார், கைப்பிடியைக் கீழே தள்ளினார், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து மதில் மூலைக்கு ஓடிக் கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் மேலதிகாரி.

"மின் ஓய்வு" என்றார் மேலதிகாரி கண்ணாடியைப் பார்த்து.

டீச்சர் காதைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். கேட்கவில்லை.

"எதிர்பாராத தற்காலிக இடைவெளி" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னார் மேலதிகாரி.

டீச்சர் மறுபடியும் தலையாட்டினார். மேலதிகாரி கண்டக்டர் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றார். "விண்ணப்பம் அவங்க பேர்ல சார். விதிப்படி அவங்ககிட்டதான் சொல்லணும்" என்றார் கண்டக்டர். அதைச் சொன்னபோது அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு அம்மா இடுப்பில் குழந்தையோடு மதிலருகே வந்து நின்றார். தெருவில் போன இரண்டு மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். மேலதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெனரேட்டர் நிற்கிற வழியாக இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் டீச்சரும் கண்ணை எடுக்கிற வழியாக இல்லை. கடைசியில் அவர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தொண்டை கிழிய, "கரண்ட் போகுது, தினமும் போகுது, மூணு மணி நேரம் போகுது" என்று கத்தினார்.

தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒயர்மேன் கடையைவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் ஆழமாக ஒரு மூச்சை இழுத்து விட்டார். வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை மெல்லக் கீழே அமர்த்தினார். பதில் சரி, உட்கார். முப்பது வருஷம் வகுப்பில் செய்த கையசைவு. ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரியாமலே மேலதிகாரி வாசற்படியில் உட்கார்ந்து, உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.